இரத்த உறவும் இரத்த தானமும்

பிள்ளையை ‘என் இரத்தம்’ என்கிறோம். பங்காளியை ‘இரத்த சொந்தம்’ என்கிறோம். பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் குலம், கோத்திரம், நட்சத்திரம் என்று நாலு தலைமுறைக் கதையை விசாரிக்கிறோம். ஆனால் அந்த இரத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நம்மில் பலருக்கு இரத்தப் பிரிவின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. சிலருக்கு அதுவும் தெரியாது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு தினங்கள் வருகின்றன. 14ஆம் தேதி உலக இரத்தக் கொடையாளர் தினம். ஏ, பி, ஓ இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1868இல் பிறந்த நாள் அது. 19ஆம் தேதி உலக அரிவாள் செல் நோய் தினம். ஐக்கிய நாடுகள் சபை 2008இல் எடுத்த முடிவின்படி கடைப்பிடிக்கப்படுவது. இந்த இரண்டு தினங்களையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டிய கடமை கொச்சியில் வாழும் தமிழர்களாகிய நமக்கு உண்டு. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அரிவாள் ரோகம்

ஆங்கிலத்தில் சிக்கிள் செல் அனீமியா எனப்படும் இந்நோயை மலையாளத்தில் ‘அரிவாள் ரோகம்’ என்கிறார்கள். நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத பெயர். நல்ல நிலையில் இருக்கும் சிவப்பணு வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து, வடையைத் தட்டி வைத்தது போல இருக்கும். வளைந்து நெளிந்து மிகக் குறுகிய நாளங்களிலும் புகுந்து செல்லும். இந்நோய் உள்ளவர்களின் சிவப்பணு, பிராணவாயு குறையும்போது கதிர் அரிவாள் போல் வளைந்து விறைத்துவிடும். விறைத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாளத்தை அடைக்கும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் இரத்தம் போகாது. அங்கே தாங்க முடியாத வலி எழும்.

இதற்கெல்லாம் காரணம் மிகச் சிறிய ஒரு பிழை. சிவப்பணுவுக்குள் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா என்ற சங்கிலி உண்டு. அதில் 146 அமினோ அமிலக் கண்ணிகள். ஆறாவது கண்ணியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறொன்று அமர்ந்துவிடுகிறது. ஒரு நீளமான சொல்லில் ஓர் எழுத்து மட்டும் மாறிப்போனது போலத்தான். ஆனால் பொருளே மாறிவிடுகிறது. சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் வடிவம் கொண்டது 10 முதல் 20 நாளிலேயே சிதைந்துவிடும். உடல் புதிது உண்டாக்கும் வேகத்தைவிடச் சிதையும் வேகம் கூடுதலாக இருப்பதால் சோகை நிரந்தரமாகிறது. கண் மஞ்சளிக்கிறது. மண்ணீரல் பழுதடைவதால் கிருமிகள் எளிதில் தாக்குகின்றன. சில குழந்தைகளுக்குப் பக்கவாதமும் வருவதுண்டு.

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் மருத்துவ ஏட்டில் இதனை முதலில் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று நிறுவினார்கள். நம் நாட்டில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து 1952இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்நோய் இருப்பது தெரியவந்தது.

மலைக்காய்ச்சல் விட்டுச் சென்ற வடு

மலைவாழ் மக்களுக்கு மட்டும் ஏன் இது மிகுதி? அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. காரணம் மலேரியா. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவரை ‘தாங்கி’ என்று சொல்லலாம். அவர் நோயாளி அல்லர். சாதாரணமாக உழைக்கலாம், பிள்ளை பெறலாம், நீண்ட நாள் வாழலாம். அதோடு, கொடிய மலேரியா இவர்களை எளிதில் கொல்வதில்லை என்று அந்தோணி ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வின் மூலம் காட்டினார். கொசுவும் காய்ச்சலும் நிறைந்த காடுகளில் பல நூறு தலைமுறைகள் தாக்குப்பிடித்தவர்களிடம் இந்த மரபணு தங்கிவிட்டது. முன்னோரின் உயிர் காத்த கவசமே, இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் பேரனுக்கு நோயாகிறது.

கேரளத்தில் வயநாட்டிலும் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் இந்நோய் அதிகம். பணியர், குறுமர், இருளர் ஆகிய மக்களிடையே காணப்படுகிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத வயநாடன் செட்டி சமூகத்தாரிடமும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. தமிழ்நாட்டில் கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில் இந்நோய் இருக்கிறது. மாநில எல்லைப் பலகைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இருப்பவர்கள் ஒரே பணியர்கள்தாம்.

அம்மலைகளில் அரிய தொண்டாற்றியோர் உண்டு. 1980இல் நாகபுரியிலிருந்து வந்து, வயநாட்டு முட்டிலில் விவேகானந்தா மெடிக்கல் மிஷனில் மக்களோடு மக்களாகத் தங்கிவிட்ட மருத்துவர் தனஞ்சய் திவாகர் சக்தேவ் இந்நோய்க்காகப் பாடுபட்டவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கூடலூரில் ‘அஸ்வினி’ அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியை மையமாகக் கொண்ட நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இப்பணியில் நெடுநாளாக ஈடுபட்டுள்ளன. வயநாட்டில் நோயாளிகளே ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து உரிமைகளுக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்து ஷஹ்டோலில் அரிவாள் செல் நோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் இந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் செய்வதும் அதன் நோக்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்நோய் சேர்க்கப்பட்டுள்ளது.

மட்டாஞ்சேரிக்கு என்ன சம்பந்தம்?

‘மலையில் உள்ள நோய்க்கும் கடற்கரையில் உள்ள நமக்கும் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் எப்படிப்பட்ட ஊர்கள் என்று நமக்குத் தெரியும். பஜார் சாலையில் மிளகும் இஞ்சியும் விற்கும் கடைகளைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் மலையாளிகள், கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், சமணர்கள், ஆங்கிலோ இந்தியர், தமிழர் என்று எத்தனை மக்கள்! டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் நம் தமிழர்களின் வழித்தோன்றல்கள், ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியின் சலவைக்கூடத்தில் இன்றும் தொழில் செய்கிறார்கள். மூட்டை சுமக்க வந்தவர், வியாபாரத்துக்கு வந்தவர், வேலை மாற்றலில் வந்தவர் என்று தமிழகத்தின் எல்லா மாவட்டத்தாரும் இங்கே இருக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அரிவாள் செல் நோய்க்குத் தலசீமியா என்றோர் உறவுக்கார நோய் உண்டு. அதுவும் ஹீமோகுளோபின் கோளாறே. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர் பீட்டா தலசீமியாவின் தாங்கிகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி சமூகங்கள் சிலவற்றில் இது மேலும் கூடுதல். தமிழரிடையிலும் உண்டு. இருவரும் தலசீமியாத் தாங்கிகளாக இருந்து மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிய கடும் தலசீமியா வரலாம். ஒருவர் தலசீமியாத் தாங்கி, மற்றவர் அரிவாள் செல் தாங்கி என்றால் இரண்டும் கலந்த நோய் வரலாம். ஆகவே இவை மலைக்கு மட்டும் உரிய நோய்கள் என்று எண்ணி நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவது

பெற்றோர் இருவரும் தாங்கிகள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. தாங்கியாகப் பிறக்க நான்கில் இரண்டு. எதுவும் இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்று நினைப்பது சரியல்ல. ஒவ்வொரு முறையும் சோழியைப் புதிதாகத்தான் குலுக்குகிறோம்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் முடிப்பது நம்மவர் வழக்கம். ஒரு தாத்தாவிடம் இருந்த மரபணு மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கிப் பேரன் பேத்தி இருவரிடமும் இருக்கலாம். அவர்கள் இருவரையும் மணமுடித்து வைத்தால் அது சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் முடிக்கவே கூடாது என்று இங்கே சொல்ல வரவில்லை. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோதிடரிடம் போகும் அதே வாரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

பரிசோதனை எளிது. அரிவாள் செல்லுக்குச் சில நிமிடங்களில் முடியும் கரைதிறன் சோதனை உண்டு. தலசீமியாவையும் சேர்த்து அறிய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனை வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏற்றிய இரத்தம் முடிவை மாற்றிக் காட்டும்.

முடிவு தெரிந்த பின் நடந்துகொள்ளும் முறைதான் முக்கியம். தாங்கியும் தாங்கியல்லாதவரும் மணந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. இருவரும் தாங்கிகள் என்றாலும், கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே கருவைச் சோதித்து அறிய வழி இருக்கிறது. மரபியல் ஆலோசகரிடம் கேட்டுத் தம்பதியரே முடிவு செய்யலாம். இந்த விவரம் தெரியாமல், ‘அந்தப் பெண்ணுக்கு இரத்தத்தில் ஏதோ இருக்கிறதாம்’ என்று ஊர் முழுக்கப் பரப்பி ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பது நோயைவிடக் கொடியது. முடிவு அவரவர் சொந்த விஷயம். பையனைச் சோதிக்காமல் பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்வதும் அநியாயம். மரபணுவுக்கு ஆண் பெண் பேதமில்லை.

அடையாளமும் சிகிச்சையும்

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கையும் காலும் வீங்கி வலியால் அழுவது இந்நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அடிக்கடி எலும்பு வலி, மூட்டு வலி, கண் மஞ்சளித்தல், வளர்ச்சி குன்றுதல், திரும்பத் திரும்பக் காய்ச்சல் ஆகியன பின்னர் வருபவை. வலி வரும்போது வெளியே காயமோ கட்டோ இருக்காது. அதனால் பள்ளிக்குப் போகச் சோம்பல், வேலைக்குப் போகச் சாக்கு என்று ஏச்சு வாங்கும் பிள்ளைகள் பலர். சோகைதானே என்று சோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறு. இச்சோகை இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை.

முறையாகக் கவனித்தால் நோயாளி நன்றாக வாழலாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கடுங்குளிர், கடும் அலைச்சல், நீர் வறட்சி கூடாது. குழந்தைகளுக்குத் தடுப்பூசிகளும் மருத்துவர் சொல்லும் பெனிசிலினும் தவறக்கூடாது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை வலித் தாக்குதலைப் பெரிதும் குறைக்கிறது. காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீர் வெளிறல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் நோயை நீக்கலாம். 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அனுமதி வழங்கின. ஆனால் அதன் செலவு பல கோடி ரூபாய். மலைக்குடிசையில் இருக்கும் குழந்தைக்கு இன்று கைகொடுப்பது மாத்திரையும் மருத்துவமனையும் பக்கத்து மனிதர் கொடுக்கும் இரத்தமும்தான்.

எப்போது இரத்தம் வேண்டும்?

வெறும் வலிக்காக இரத்தம் ஏற்றுவதில்லை. சோகை திடீரென முற்றும்போதும், நுரையீரல் பாதிக்கப்படும்போதும், பக்கவாதம் வந்தபோதும், சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பும் தேவைப்படும். சில சமயம் நோயாளியின் இரத்தத்தை எடுத்துவிட்டு நல்ல இரத்தத்தை மாற்றி ஏற்றுவார்கள். அதற்குப் பல பைகள் ஒரே நாளில் வேண்டும்.

இங்கேதான் மட்டாஞ்சேரி போன்ற ஊரின் அருமை தெரிகிறது. ஏ, பி, ஓ, ஆர்.எச். மட்டுமே இரத்தப் பிரிவுகள் என்று நினைக்கிறோம். உண்மையில் 40க்கும் மேற்பட்ட பிரிவு முறைகள் அறியப்பட்டுள்ளன. அடிக்கடி இரத்தம் ஏற்றுபவரின் உடல், தனக்கு இல்லாத நுண் அடையாளங்களை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு பொருந்தும் இரத்தம் கிடைப்பது அரிதாகிவிடும். இவ்வடையாளங்கள் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதால், பலவகை மக்களும் கொடையாளர்களாக இருக்கும் ஊரில் பொருந்தும் இரத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1952இல் மருத்துவர் பெண்டேயும் அவர் குழுவினரும் பம்பாயில் கண்டுபிடித்த ‘பம்பாய் பிரிவு’ உள்ளவர்களுக்கு ஓ பிரிவு இரத்தம் கூடப் பொருந்தாது. அவர்களுக்கு அவர்களே உதவ வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் நம் தெருவிலேயே தம் பிரிவு தெரியாமல் இருக்கவும் கூடும்.

யார் கொடுக்கலாம்?

வயது 18 முதல் 65 வரை. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். பட்டினியாகப் போகக்கூடாது. நோய், மருந்து, பச்சை குத்தியது எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரிவாள் செல் அல்லது தலசீமியாத் தாங்கிகளும் முன்பே அதைச் சொல்லிவிட்டு, அவர் முடிவுப்படி நடக்கலாம்.

‘கொடுத்தால் உடம்பு இளைத்துவிடாதா?’ என்று அம்மாமார் கேட்பதுண்டு. உடலில் இருப்பது சுமார் 5 லிட்டர். எடுப்பது 350 அல்லது 450 மில்லி. நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும் அணுக்கள் சில வாரங்களிலும் நிரம்பிவிடும். ஊசி ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுவதால் கொடுப்பவருக்கு நோய் தொற்றாது. கொடுத்த இரத்தத்தில் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை நடக்கும்.

பணத்துக்கு இரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் ‘ஒரு பை வேண்டுமென்றால் ஒரு ஆளைக் கூட்டி வா’ என்ற வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. ஊரில் பத்து உறவினர் இருப்பவர் கூட்டி வருவார். வயநாட்டிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எர்ணாகுளம் வந்திறங்கும் தகப்பன் யாரைக் கூட்டி வருவார்? பிழைப்புக்கு வேற்றூர் வந்த நமக்கு அந்தத் திகைப்பு புரியாமல் போகாது. அரிவாள் செல், தலசீமியா, ஹீமோபீலியா நோயாளிகளுக்கு இலவசமாக இரத்தம் வழங்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. ஆனால் வங்கியில் இரத்தம் இருந்தால்தானே வழங்குவார்கள்?

நாம் செய்யக்கூடியது

ஆண்டுக்கு ஒருமுறை பெரிய முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை தீராது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரையே வைத்திருக்க முடியும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். பொங்கலுக்கு நாம் கொடுத்த இரத்தம் சித்திரையில் யாருக்கும் உதவாது. கல்லூரி விடுமுறையில் மாணவர் கொடை குறையும் கோடைக்காலத்திலும், டெங்கு பரவும் மழைக்காலத்திலும்தான் தட்டுப்பாடு.

ஆகவே சங்க உறுப்பினர்களை நான்கு அணிகளாகப் பிரித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஓர் அணி என்று முறை வைத்துக் கொடுக்கலாம். எர்ணாகுளம் பொது மருத்துவமனையிலேயே இரத்த வங்கி உண்டு. பெயர், இரத்தப் பிரிவு, தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றை அவரவர் சம்மதத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். அந்த முகாமிலேயே திருமண வயதுப் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் வகைச் சோதனைக்கும் ஏற்பாடு செய்யலாம். முடிவு உறையிலிட்டு அவரவர் கையில் மட்டும் தரப்பட வேண்டும். அண்டை வீட்டுக் கொங்கணி, குஜராத்தி, மலையாளி நண்பர்களையும் அழைத்தால் இன்னும் சிறப்பு.

சொந்த இரத்தத்தை அறிந்துகொண்டால் நம் பேரக் குழந்தைகளுக்கு நல்லது. அதில் ஒரு பையை முன்பின் அறியாதவருக்குக் கொடுத்தால் ஒரு மலைக்குடும்பத்துக்கு நல்லது. அடுத்த ஜூன் 14 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பி, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் அன்பர்கள் இந்த மாதமே ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடலாம்.